ஈட்டிய விடுப்பு

அணை மூடிய மாசியில்தான் எங்களுக்கு விடுப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன்.
சொந்த வேலை கடைசியில் இப்படி ஆயிற்று:
காரைக்காலில், அரசலாற்றங்கரையில்,
பழைய ஐஸ் ஃபேக்டரிக்குள் மூன்று எஃகுத் தொட்டி வைத்து
பீர் காய்ச்சுகிற ஒருவரைப் போய்ப் பார்ப்பது.

யோசனை வசுமதியுடையது.
ஒன்பது கிரகத்தையும் ஒரே மூச்சில் சுற்றும் வேனில்
வந்தவர்கள் நாங்கள்.
திருநள்ளாற்றில் இறங்கியவள் திரும்ப ஏறவில்லை.
"மிச்ச கிரகமெல்லாம் மன்னிச்சுக்கும், வாங்க."

எதுவார் சவரிராயன்
லுங்கியும் ரப்பர் பூட்ஸுமாக வந்தார்.
கூடவே ஒரு வாசனை,
நெல் அவிக்கிற மில்லுக்குள் யாரோ
பேக்கரி திறந்த மாதிரி.
அப்பாவின் பிரெஞ்சு ராணுவ பென்ஷனில்
முதல் தொட்டி வாங்கினாராம்.
பார்லி வெளியூர், ஹாப்ஸ் அதைவிட வெளியூர்,
முப்பது பங்கு மட்டும் நிரவிப் பச்சரிசி.
மூடியைத் திறந்து காட்டினார்.
நுரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
வசுமதி குனிந்து முகர்ந்து
"மூணாம் நாள் நீராகாரம்" என்றாள்.
"ரெண்டாம் நாள்" என்று திருத்தினார்.

பிறகு தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.
நான் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"டம்ளர்ல முக்காலே மூணு வீசம் தண்ணிதான் சார்.
போர் போட்டா இருபதடில உப்பு,
நூறடில கடலே காலை நீட்டிப் படுத்திருக்கு.
ஆறு வந்தா ஊத்து இனிக்கும்.
வராத மாசம் லாரி.
மேல எவனோ ஒரு புண்ணியவான் மதகைத் திருகணும்.
அவனுக்கு இங்க ஒரு ஊர் இருக்கறதே தெரியாது."

புண்ணியவானுக்கு அன்று
விடுப்பில் இரண்டாம் நாள்.

கல்லணையில் பத்தொன்பது வருஷம்.
காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு,
புது ஆற்றுக்கு இவ்வளவு,
வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம்.
காலை ஆறு மணிக்கு அளவுகோல் பார்த்துக்
கன அடியில் எழுதுவேன்.
கடைமடை எனக்கு ஒரு தொலைபேசிக் குரல்:
"இன்னும் வந்து சேரலைங்க."
"விட்டாச்சு, வந்துடும்" என்பது என் குரல்.

"சாருக்கு என்ன தொழில்?"
"உர வியாபாரம்."
வசுமதி பார்த்த பார்வையில்
ஒரு ஷட்டர் அரையடி இறங்கியது.

நான்கு சிறு டம்ளர்கள் வந்தன.
முதலாவது வைக்கோல் நிறம்,
வந்ததும் தெரியவில்லை போனதும் தெரியவில்லை.
அடுத்ததில் நார்த்தந்தோல்.
கருத்த மூன்றாவதை
வசுமதி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், தரவில்லை.
நான்காவதை வைக்கையில் எதுவார் தயங்கினார்.

"இது போன ஆடில காய்ச்சினது.
தண்ணி விட்டாச்சு, வந்துடும்னாங்க.
நம்பி லாரி சொல்லாம விட்டேன். உப்பேறிடுச்சு.
கொட்ட மனசு வரலை. இதுக்குக் காசு வேணாம்."

குடித்தேன்.
உதட்டோரம் உப்பு,
மாங்காய்க் கீற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு.
நன்றாகவும் இருந்தது, அதுதான் சங்கடம்.
போன ஆடியின் பதிவேட்டை மனதுக்குள் புரட்டினேன்.
விட்ட கணக்கு இருக்கிறது,
கீழே நீல மையில் என் கையெழுத்து.
போய்ச் சேர்ந்ததை எழுத
அதில் கட்டம் கிடையாது.

"உரமெல்லாம் இல்லைங்க"
என்றாள் வசுமதி, மூன்றாவதை முடித்துவிட்டு.
"கல்லணைல இன்ஜினியர்."

எதுவார் ஒன்றும் சொல்லவில்லை.
டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவினார்,
குழாயைக் கொஞ்சமாகத் திறந்து.
பில் வந்தது.
நான்காவதுக்கும் விலை போட்டிருந்தார்.

சில்லறை வரைக்கும் எண்ணிக் கொடுத்தேன்.
வெளியே கடல் ஏறும் நேரம்.
அரசலாறு ஆகாயத்தாமரைகளைச் சுமந்துகொண்டு
மேற்கே போய்க்கொண்டிருந்தது,
என் ஆபீஸ் இருக்கும் திசையில்.
"எத்தனை கன அடி இருக்கும்?"
என்று கேட்டாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு.
இந்தப் பக்கமாக வருவதை
நான் அளந்ததில்லை.